அடுத்த அறைக்குக் கேட்கிற ஸ்பீக்கர்

"இவர் கம்ப்யூட்டர்ல யார் பேசினாலும், கதவு சாத்தியிருந்தாலும் அடுத்த ரூமுக்குக் கேக்கணும். அந்த மாதிரி ஸ்பீக்கர் குடுங்க."

மனைவி இப்படிச் சொன்னதும் கடைக்காரர் கணவனைப் பரிதாபமாகப் பார்த்தார். ஆசாமி எங்கேயோ யாரிடமோ பேசி மாட்டிக்கொண்டிருக்கிறான் என்று அவராகவே ஒரு கதை கட்டிக்கொண்டார். பகல் முழுக்கக் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறவருக்கு வேறென்ன பொழுதுபோக்கு?

"ஹெட்போன் பாக்கறீங்களா? விலையும் கம்மி. சார் பாட்டுக்குப் பேசிக்கலாம், வீட்ல யாருக்கும் தொந்தரவு இருக்காது."

"தொந்தரவு இருக்கணும்ங்க," என்றாள் அவள்.

கணவனோ நாலு நாள் தாடியும், தூக்கம் கெட்ட கண்ணுமாக, விலைச் சீட்டை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கடைக்காரர் ஒரு ஜோடியை எடுத்து மேஜையில் வைத்தார். "இது நேரா கரண்ட்ல ஓடும். ஆம்ப்ளிபயர் உள்ளயே இருக்கு. இந்த விலைக்கு இவ்வளவு தெளிவா வேற எதுவும் பேசாது. ஒரு வார்த்தை தப்பாது."

கடைசி வாக்கியத்தைக் கணவன் பக்கம் திரும்பி, எச்சரிக்கை மாதிரிதான் சொன்னார்.

அந்த வீட்டில் சந்தேகம் இருந்தது உண்மை. ஆனால் சந்தேகப்பட்டது மனைவி இல்லை, அவளுடைய மாமனார்.

முப்பது வருடம் ஓடுகிற பஸ்ஸில் நின்றே டிக்கெட் கொடுத்த கண்டக்டர் அவர். இப்போது இரண்டு முட்டியும் போய், சுவரைப் பிடித்துக்கொண்டுதான் பாத்ரூமுக்கே போகிறார். ஆபரேஷனுக்குத் தேதி கிடைத்துவிட்டது. புதன்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டுத் தராவிட்டால் அந்தத் தேதி வேறொருவருக்குப் போய்விடும். அடுத்தது ஆறு மாதம் கழித்துத்தான்.

கண்டக்டரோ பேனாவைத் தொட மாட்டேன் என்கிறார். மகனுடைய கம்பெனியில் ஆட்களைக் குறைக்கிறார்கள் என்று பேப்பரில் படித்ததிலிருந்து இந்தப் பிடிவாதம்.

"உன் வேலை இருக்கா, இல்லியா? அதைச் சொல்லு முதல்ல."

"இருக்குப்பா. வீட்லேர்ந்து பாக்கச் சொல்லியிருக்காங்க. தினமும் மீட்டிங் நடக்குதே, உங்களுக்குக் கேக்கலியா?"

"அது மீட்டிங்கா? மிக்ஸி ஓடுதுன்னு நெனச்சேன். நாளைக்கு உன் வேலை போச்சுன்னா கையில இருக்கற காசுதான் சோறு. முட்டி கெடக்கட்டும், விடு."

பழைய ஸ்பீக்கரைக் குற்றம் சொல்லியும் பயனில்லை. கம்ப்யூட்டரோடு இலவசமாக வந்தது. யார் பேசினாலும் வாயில் பஞ்சை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரிதான் இருக்கும். அதனால்தான் மருமகள் கணவனை இழுத்துக்கொண்டு கடைக்குப் போனாள்.

திங்கள்கிழமை காலை பத்து மணிக்குப் புது ஸ்பீக்கர் வாயைத் திறந்தது. மேனேஜர் இருமியதுகூட அடுத்த அறைக் கட்டில் வரைக்கும் வந்தது.

"டார்கெட்டை இந்த மாசமாவது முடிச்சுடுவீங்களா?" என்று அவர் கேட்டு முடிக்கும் முன்பே, "கண்டிப்பா சார்," என்றான் மகன். இவ்வளவு பணிவானவனை எந்தக் கம்பெனி வீட்டுக்கு அனுப்பும்?

"கேக்குதா மாமா?" என்று வாசற்படியில் நின்று கேட்டாள் மருமகள்.

"நல்லாக் கேக்குதும்மா. பக்கத்து சீட்ல உக்காந்து பேசற மாதிரி இருக்கு."

செவ்வாய்க்கிழமையும் பத்து மணிக்கு மேனேஜர் ஆஜர். கண்டக்டர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மத்தியானம் சாப்பிடும்போது வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"மாமா இன்னிக்கு வாயே திறக்கல. மனசு எறங்கிடுச்சுன்னு நெனைக்கறேன்," என்று அடுக்களையில் கணவனிடம் கிசுகிசுத்தாள் அவள்.

"எறங்கினா சரி. என்னால முடியல," என்று சொல்லி, அங்கேயே கீழே உட்கார்ந்துவிட்டான் அவன்.

புதன்கிழமை. மீட்டிங் பாதியில் இருக்கும்போது அறைக் கதவு திறந்தது. ஒரு கையால் சுவரையும் மறு கையால் ஆஸ்பத்திரிப் படிவத்தையும் பிடித்துக்கொண்டு கண்டக்டர் நின்றார். பத்தடி தூரத்துக்கே அவருக்கு மூச்சு வாங்கியது.

"பேனா குடு."

மகன் எழுந்து நாற்காலியைக் கொடுத்தான். அவர் உட்கார்ந்து, படிவத்தை மேஜையில் விரித்து, மூன்று இடத்திலும் நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். பின்னாலேயே ஓடி வந்த மருமகள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ரொம்ப நன்றி மாமா," என்றாள்.

கண்டக்டர் ஸ்பீக்கரைக் காட்டினார். "சத்தத்தைக் கொஞ்சம் கொறை."

"மேனேஜர் பேசறாருப்பா."

"பேசட்டும். நேத்தும் இதையேதான் பேசினாரு. முந்தாநேத்தும் இதையேதான் பேசினாரு, இதே எடத்துலதான் இருமினாரு."

மருமகளுக்குச் சிரிப்பு வரவில்லை. மகனின் கை சத்தம் குறைக்கிற குமிழ் வரைக்கும் போய், அங்கேயே நின்றுவிட்டது.

கண்டக்டர் படிவத்தை மடித்து மருமகள் கையில் கொடுத்துவிட்டு, மகனைப் பார்த்துச் சொன்னார்:

"முட்டி சரியாகட்டும்ப்பா, ரெண்டு பேரும் சேர்ந்தே வேலை தேடலாம்."