ஸ்ரீதரன் போட்ட சத்தம்

மஹய்யாவ என்று விலாசம் சொன்னதும் ஒரு பொலிஸ்காரரின் முகம் எப்படி மாறும் என்று நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

சுபாஜினி அன்றைக்கு நேரிலேயே பார்த்தாள். அதுவரை "சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டிருந்த சப் இன்ஸ்பெக்டர், விலாசத்தை எழுதிய கையோடு "சொல்லு" என்று இறங்கிவிட்டார்.

சொன்னாள். புருஷன் சுதேஷ் ஓட்டிய ஆட்டோவில் பின்னால் அவள்தான் இருந்தாள். குறுக்கு ரோட்டிலிருந்து ஒரு கார் பாராமல் பாய்ந்து இடித்தது. சுதேஷ் கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். இடித்த கார்க்காரர் இதே பொலிஸ் நிலையத்து உள் அறையில் கதிரை போட்டுத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கிறார்.

எல்லாம் சிங்களத்தில்தான் சொன்னாள். பேச்சுச் சிங்களம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. வாசிக்கத்தான் தெரியாது.

சப் இன்ஸ்பெக்டர் புத்தகத்தை அவள் பக்கம் திருப்பினார். "இங்கே கையெழுத்துப் போடு."

"வாசிச்சுக் காட்டுங்க சார்."

"நீ சொன்னதைத்தானே எழுதினேன்."

"நான் சொன்னது நாலு வரி சார். நீங்க எழுதினது ஒன்றரைப் பக்கம்."

பின்னால் வாங்குப் பலகையில், சுபாஜினியின் பிள்ளையை மடியில் வைத்திருந்த பக்கத்து வீட்டுப் புஷ்பத்துக்குப் பொறுக்கவில்லை. "போட்டுட்டு வா புள்ள. இவங்களோட நம்மளால மல்லுக்கட்ட முடியுமா?"

"மாட்டேன்க்கா. பிழை எங்க வீட்டுக்காரர் மேலன்னு எழுதியிருந்தா லைசனும் போச்சு, ஓட்டமும் போச்சு. பொறவு என்னத்தத் திங்கிறது?"

சப் இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினாள். "தமிழ்ல சொல்ல ஒருத்தரைக் கூப்பிடுங்க சார். அது என் உரிமை."

உரிமை என்றதும் அவர் பேனையை மேசையில் போட்டார். "ஸ்ரீதரன்" என்று உள்ளே பார்த்துக் கத்தினார்.

நெடுநெடுவென்று ஒரு இளம் கான்ஸ்டபிள் வந்தான். தமிழ்ப் பெயரைக் கேட்டதும் சுபாஜினிக்கு உயிர் வந்தது. "தம்பிக்கு எந்த ஊரு?"

அவன் அவளைப் பார்க்கவேயில்லை. தன் பெரியவரான சப் இன்ஸ்பெக்டரைப் பார்த்துச் சிங்களத்தில் சொன்னான். "யாருக்கு யார் தம்பி? மஹய்யாவ ஆட்கள் எல்லாம் இப்படித்தான் சார். நம்ம வேலையைக் கெடுக்கவே வருவார்கள்."

பெரியவர் சிரித்தார்.

புஷ்பம் ரகசியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு ஊருக்கே கேட்கச் சொன்னாள். "நம்ம பொடியன்னு பல்லைக் காட்டுனியே. காக்கியைப் போட்டா பெத்த தாயையும் தெரியாது இவனுகளுக்கு."

சுபாஜினிக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. இரண்டு பேருக்கும் விளங்கட்டும் என்று சிங்களத்திலேயே கேட்டாள்.

"இந்த டவுனைக் கூட்டிப் பெருக்குறது எங்க மஹய்யாவ ஆளுங்கதான். நாங்க யாரு வேலையையும் கெடுக்கல. எங்களை ஏச வாய் இருக்குல்ல, அதே வாயால இந்தப் பக்கத்தை வாசிங்க. வாசிக்காம நான் இங்கேருந்து நகர மாட்டேன்."

பெரியவர் கையை வீசினார். "அவளுடைய பாஷையிலேயே நாலு போடு போட்டுக் கையெழுத்தை வாங்கு. எனக்கு அதில் ஒரு சொல்லும் விளங்காது."

ஸ்ரீதரன் புத்தகத்தை எடுத்து விரலை ஓட்டி வாசித்தான். முடிவு வரைக்கும் வாசித்தான். பிறகு மேசையில் ஓங்கி ஒரு அடி. பேனை உருண்டு விழுந்தது. பிள்ளை வீரிட்டு அழுதது.

கண்ணை உருட்டிக்கொண்டு, கூரை அதிரத் தமிழில் கத்தினான்.

"செத்தாலும் கையெழுத்துப் போடாதீங்க. பிழை முழுக்க உங்க வீட்டுக்காரர் மேலன்னு எழுதியிருக்கு. தமிழ்ல எழுதினாத்தான் போடுவேன்னு ஒரே பிடியா நில்லுங்க. இங்க தமிழ் எழுதத் தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான். நீங்க சொன்ன நாலு வரியை அப்படியே எழுதுவேன்."

இப்படித்தான் போட வேண்டும் என்பதுபோல் பெரியவர் தலையை ஆட்டினார்.

சுபாஜினி திறந்த வாய் மூடாமல் நின்றாள்.

ஸ்ரீதரன் விரலை அவள் மூக்குக்கு நேரே நீட்டி, இன்னும் உரக்கக் கத்தினான்.

"இப்படி வாயைப் பொளந்துக்கிட்டு நிக்காதீங்க, பெரியவர் பார்க்கிறாரு. என்னைய நாலு ஏச்சு நல்லா ஏசுங்க."