பெயர், ஊர், செத்த நாள்

"பேயி வாயத் தொறக்கவே கூடாது பூசாரி. பேச வுடாம ஓட்டிக் குடுங்க."

ஜம்புநாதன் இப்படிக் கேட்டதும் பாவாடை என்ற அந்தப் பூசாரி கையிலிருந்த உடுக்கையைக் கீழே வைத்துவிட்டார்.

"பேரு, ஊரு, செத்த நாளு. இந்த மூணையும் பேயி வாயால வாங்காம எறக்க முடியாதுங்க மொதலாளி."

"பேரு மட்டும் கேளுங்களேன். ஊரு எதுக்கு?"

"ஊரு தெரியாம எந்தப் பக்கம் ஓட்டுறதுங்க? நம்ம ஜங்ஷன்ல எந்த ரயிலுன்னு கேக்காம ஆள ஏத்திவுட்ட மாதிரி ஆயிடும்."

வேறு நாளாக இருந்தால் ஜம்புநாதன் சிரித்திருப்பார். இன்று மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பீங்கான் பொம்மைக்கு விலை பேசியே வடநாட்டு வியாபாரிகளை வியர்க்க வைக்கிற மனிதர், பட்டப்பகலில், சொந்த வீட்டுக் கூடத்தில் தானே வியர்த்து நின்றார்.

கூடத்தின் நடுவில் செல்வநாயகி குந்தியிருந்தாள். அவருடைய கம்பெனியில் பொம்மைகளுக்குக் கண் எழுதுகிறவள். இருபத்து மூன்று வயது. அவர் நன்கொடை கொடுக்கும் ஹோமில் வளர்ந்த அநாதை. ஒரு வாரமாகத் திடீர் திடீரென்று சின்னப்பிள்ளைக் குரலில் அழுகிறாள். தெளிந்ததும் எதுவும் நினைவில்லை என்கிறாள். அவள் இருக்கிற பக்கம் வேலைக்கு வரவே ஆட்கள் நடுங்கினார்கள்.

"நேத்து இவளப் பாத்த டாக்டரம்மா சொன்னாங்களேங்க," என்றாள் ஜம்புநாதனின் மனைவி பர்வதம். "இது பேயே இல்லையாம். சின்ன வயசுல யாரோ கொடும பண்ணியிருக்காங்களாம். தாங்க முடியாத புள்ள, தனக்குள்ளயே இன்னொரு புள்ளைய உண்டாக்கி, வலியெல்லாம் அதுகிட்ட குடுத்துட்டுத் தான் மறந்துடுமாம். நாளைக்குக் கூட்டிட்டுப் போனா, பக்குவமா பேசி..."

"நாளைக்கு வரைக்கும் எவன் தாங்குறது? இன்னைக்கே முடியணும்!"

உடுக்கை அதிர்ந்தது. செல்வநாயகியின் தலை மெல்லச் சாய்ந்தது.

"யாரு நீ? சொல்லு!"

"செல்வி. ஒம்போது வயசு." கீச்சென்று வந்தது குரல்.

"எப்ப செத்த?"

"சாகல. ஒளிஞ்சிருக்கேன்."

உடுக்கை நின்றுவிட்டது. பாவாடையின் முப்பது வருடத் தொழிலில் சாகாத பேய் இதுதான் முதல்.

பர்வதம் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "யாருக்குப் பயந்து கண்ணு?"

"கண்ணாடி மாமா." ஒரு விரல் மடிந்தது. "வெத்தல மாமா. ஜீப்பு மாமா. பாட்டுப் பாடுற மாமா."

ஒவ்வொரு விரல் மடியும்போதும் ஜம்புநாதன் வாசல் பக்கம் ஓர் அடி நகர்ந்தார்.

"போதும் பூசாரி! வேப்பிலையால நாலு போடு போட்டு அனுப்புங்க!"

"அடிக்காதீங்க!" பர்வதம் குறுக்கே கை நீட்டினாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அவ்ளோதானா கண்ணு?" என்றாள்.

"இன்னொரு மாமா இருக்காரு. அவரு பேரச் சொல்ல மாட்டேன்."

"ஏம்மா?"

"கேட்டுக்கிட்டு நிக்கிறாரு."

பூசாரியும் பர்வதமும் ஒருசேரத் திரும்பினார்கள். ஒரு காலில் தன் செருப்பும் மறு காலில் பூசாரியின் செருப்புமாக, ஜம்புநாதன் தெருவில் இறங்கிக்கொண்டிருந்தார்.