கூடவே வந்த வெளிச்சம்

"மூணு விளக்கு. பச்சையும் சிவப்புமா வானத்துல மிதந்துச்சு," என்றார் இரண்டாம் மாடி தையல்காரர்.

"ஒண்ணுதான் சார். பளிச்னு வெள்ளை," என்றார் லிஃப்ட் மெக்கானிக்.

குடியிருப்புச் செயலாளர் இரண்டையும் புகார் நோட்டில் எழுதிக்கொண்டார். இதோடு ஏழு சாட்சி, ஏழு விதம்.

"நீ சொல்லும்மா."

புகார் கொடுக்க வந்த பெண் இடுப்பிலிருந்த குழந்தையை மாற்றிப் பிடித்துக்கொண்டாள். குழந்தையின் நெற்றியில் பிளாஸ்திரி.

"ரெண்டு வாரமா வருது சார். எட்டு மணிக்கு பஸ்ஸை விட்டு இறங்கினா தலைக்கு மேல நிக்குது. நடந்தா கூடவே வருது. நான் வாசல் கேட்டைச் சாத்தினதும் அணைஞ்சிடுது. ஜன்னலைத் திறக்கவே பயமா இருக்கு."

"பேய் இவ்வளவு ஒழுங்கா டூட்டிக்கு வராது," என்றார் செயலாளர். " எல்லாம் நாலாம் மாடி கல்யாண வீடியோக்காரன் வேலை. பறக்கிற கேமரா வெச்சிருக்கான்."

அவளுக்கும் அந்தச் சந்தேகம்தான். லிஃப்டில் அவளைக் கண்டாலே அவன் தலையைத் தொங்கப்போட்டுக்கொள்வான். திருட்டு முழி.

ஆளனுப்பிக் கூப்பிட்டார்கள். இயந்திரத்தோடு வந்து நின்றான்.

"நீதானா தம்பி?"

"ஆமா சார்."

"வெக்கமா இல்ல? மாசக் கடைசிக்குள்ள வீட்டைக் காலி பண்ணு. நீ கையெழுத்துப் போடும்மா."

போட்டாள்.

"முதல்ல படத்தையெல்லாம் அழிக்கச் சொல்லுங்க சார். அதுல என் குழந்தை இருக்கு."

செயலாளர் இயந்திரத்தைத் தலைகீழாகத் திருப்பினார். கேமரா இருக்க வேண்டிய இடத்தில், ரப்பர் பேண்ட் சுற்றிய ஒரு டார்ச் லைட்.

"கேமரா எங்கே?"

"கழட்டிட்டேன் சார். ரெண்டையும் சேர்த்துத் தூக்காது."

"டார்ச் எதுக்கு?"

அவன் குழந்தையின் பிளாஸ்திரியைப் பார்த்தான்.

"வாசல்ல குழாய்க்குத் தோண்டின பள்ளம் இன்னும் மூடாம கிடக்கு. தெருவிளக்கும் இல்ல. அன்னிக்கு அக்கா குழந்தையோட விழுந்தப்போ மொட்டைமாடியில இருந்தேன். ஓடி வர்றதுக்குள்ள எழுந்து போயிட்டாங்க. சொல்லிட்டுச் செஞ்சா தப்பா நினைப்பாங்களோன்னுதான்..."



கையெழுத்தை அடிக்க அவள் நோட்டைக் கேட்டாள். செயலாளர் கொஞ்சம் தாமதித்துத்தான் கொடுத்தார்.

முந்தைய பக்கத்தில், விழுந்த அன்று அவளே எழுதிய புகார் அப்படியே இருந்தது: 'வாசலில் ஒரு விளக்காவது போடுங்கள்.'