கழுத்தளவு பனி

“இதுவும் சரிவராது தம்பி. சின்னப்பிள்ளையளும் சறுக்கலாம் எண்டு போட்டிருக்கு.”

பாரிஸில், லா சப்பலில் உள்ள என் டிக்கெட் கடையில் உட்கார்ந்துகொண்டு, நான் காட்டிய பனிச்சறுக்கு ஊர்களையெல்லாம் கரிகாலன் அண்ணை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கிவிட்டார்கள்.

“உங்களுக்கு எப்பிடித்தான் அண்ணை வேணும்?”

“மலை செங்குத்தா இருக்கோணும். பனி கழுத்தளவு கொட்டோணும். அல்ப்ஸிலை மேற்குப் பக்கம்தான் பனி கூடவாம், அங்கை பார்.”

“முந்தி எங்கையாவது சறுக்கியிருக்கிறியளோ?”

“எனக்கென்ன விசரோ?”

எனக்குத்தான் விசர் பிடித்தது. போன குளிருக்கு மெட்ரோப் படியிலேயே வழுக்கி விழுந்த மனிதர்! பல்லைக் கடித்துக்கொண்டு, இருப்பதிலேயே பொல்லாத மலைக்கு ரயில் டிக்கெட் போட்டேன்.

“திரும்பி வர?”

“பனி உருகட்டும், பாப்பம்.”

தை மாதம் அவரே போன் எடுத்தார். பின்னால் ஒரே பீங்கான் சத்தம்.

“என்னண்ணை, பனி கழுத்தளவோ?”

“கூரையளவு! ஆபத்தெண்டு மலையைப் பூட்டிப்போட்டாங்கள். வந்த சனம் முழுக்க விடியத் தொடங்கிப் பொழுதுபடுமட்டும் ஹோட்டலுக்குள்ளை இருந்து சாப்பிடுது.”

“நல்லதுதானே. நீங்களும் இருந்து சாப்பிடுங்கோ.”

“விசர்க்கதை கதையாதை! நான் இஞ்சை கோப்பை கழுவ வந்தனான். பொல்லாத மலையெண்டால் சனம் பகல் முழுக்க வெளியிலை நிக்கும், மத்தியானம் கழுவ ஒண்டும் இராதெண்டு நினைச்சன்.”

போனுக்குள் இன்னுமோர் அடுக்குக் கோப்பை வந்து விழுந்தது.

“தம்பி, அந்தச் சின்னப்பிள்ளையள் சறுக்கிற ஊருக்கு உடனை ஒரு டிக்கெட் போடு!”