ஜன்னலோர இடம்

சத்தியவேடு கூட்டு ரோட்டில் காலை வெயில் இன்னும் சூடேறவில்லை. ரேணிகுண்டாவில் ஒரு கம்பெனிக்கு இண்டர்வியூ போக, கேசியா திருப்பதி பஸ்ஸுக்காக நிற்கிறாள். ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் அவள் வேலை பார்த்த உற்பத்தி லைனை மூடி ஆட்களை நிறுத்தியபோது மாமரங்கள் பூத்திருந்தன; இப்போது காயும் பழமும் முடிந்து தோப்பெல்லாம் வெறும் இலையாக நிற்கிறது. எதிர்ச்சாரியில் அவளுடைய பழைய கம்பெனி பஸ் வந்து, பழக்கம் விடாமல் நிற்கிறது. அவள் கால்களும் தன்னாலே ரோட்டைக் கடந்து படியில் ஏறுகின்றன. மல்லிகையும் தக்காளிச் சோறும் கலந்த அந்த வாசனை முகத்தில் வந்து படுகிறது. "வேல கெட்ச்சுதாமா?" என்கிறார் டிரைவர் சின்னசாமி. "தேடிக்கினுதாண்ணா கீறேன். இன்னிக்கி ஒண்ணு கீது." முன் சீட்டிலிருந்து யாமினி கை நீட்டி அவள் விரல்களைப் பிடித்துக்கொள்கிறாள். இத்தனை வருஷமும் இரண்டு பேரும் பேசிப் பேசியே கடந்த வழி இது. யாமினிக்குப் பக்கத்தில், கேசியாவின் ஜன்னலோர இடத்தில், வேறு செக்ஷன் பெண் ஒருத்தி கண்ணாடியில் தலை சாய்த்துத் தூங்குகிறாள். இன்ஜின் உறுமும்போதெல்லாம் கண்ணாடி அதிர்ந்து அவள் நெற்றியில் இடிக்கிறது. கேசியா அதையே பார்க்கிறாள். "அந்தக் கண்ணாடி ஆடும், யாமினி. துப்பட்டாவ மடிச்சுத் தலைக்கு வெய்யி. பாவம், தூங்கட்டும்." அவள் இறங்கியதும் கதவு மூடுகிறது. உள்ளே யாமினி அந்தப் பெண்ணின் தலையை மெல்லத் தூக்குவது தெரிகிறது. பஸ் புளியமரங்களுக்குப் பின்னால் மறையும்வரை பார்த்துவிட்டு, கேசியா ரோட்டைக் கடந்து தன் பஸ்ஸுக்கு வந்து நிற்கிறாள்.