மொட்டைமாடிச் சாவி

மொட்டைமாடிக்குப் போகும் வெளிப்படிக்கட்டின் கடைசிப் படியில் மேல்வீட்டு அக்கா உட்கார்ந்திருக்கிறாள். பின்னால் பூட்டிய இரும்புக் கதவு வெயிலில் கொதிக்கிறது. முதுகு அதில் படாமல் முன்னால் குனிந்திருக்கிறாள். துணி காயப்போட அவளிடம் கொடுத்த ஒரே சாவி இப்போது அவள் கைக்குள் இருக்கிறது. ஊர் சூட்டைக் குறைக்க எல்லா மாடிகளுக்கும் வெள்ளைப் பெயிண்ட் அடிக்கிறது மாநகராட்சி. பாதிச் செலவை மாநகராட்சியே ஏற்கிறது. மீதியை வாடகையில் ஏற்றப்போவதாக வீட்டுக்காரர் காலையிலேயே சொல்லிவிட்டார். அவர் சில படிகள் கீழே மூச்சு வாங்க நிற்கிறார். “உன் வீடுதானேம்மா குளிரப்போகுது? எனக்கா அடிக்கிறேன்?” “குளிர்ந்த வீட்டுக்கு நான் எங்கேருந்து வாடகை தர்றது?” “முடியலன்னா காலி பண்ணு. வர்றதுக்கு ஆள் இருக்கு.” “அது தெரிஞ்சுதான் உக்காந்திருக்கேன். வெந்தாலும் என் வீட்லயே வேகுறேன்.” என் வாசலருகே வாளியோடு நிற்கும் பெயிண்டர், “சார், பெயிண்ட் ஆடை கட்டுது. சீக்கிரம் சண்டையை முடிங்க” என்கிறார். யாரும் சிரிக்கவில்லை. அவரே மேலேறி, அவள் பக்கத்தில் வெயில் விழும் கைப்பிடிச் சுவரில் ஒரு கையகலம் வெள்ளை அடிக்கிறார். “காஞ்சதும் தொட்டுப் பாருக்கா.” அது சீக்கிரமே காய்கிறது. அவள் வெறும் சிமெண்டைத் தொட்டுக் கையை உதறுகிறாள். பிறகு வெள்ளையின்மேல் உள்ளங்கையை வைக்கிறாள். எடுக்கவில்லை. அவள் முகம் ஒரு கணம் இளகுவதாக எனக்குப் படுகிறது. கீழிருந்து பார்ப்பதால் தவறாகவும் இருக்கலாம். வீட்டுக்காரர் ஒரு படி ஏறுகிறார். அவள் கையை எடுத்து, சாவியை முந்தானையில் முடிந்து, அதன்மேல் இன்னொரு முடிச்சும் போடுகிறாள்.