பிரேக் லைட்

நெற்குப்பை ஊர் விவசாயி செம்மலை தன் டிராக்டரைச் செக்காலையில் இருக்கும் பட்டறையில் கொண்டுவந்து நிறுத்தினார். டிரெய்லரின் பின்விளக்கு உடைந்து தொங்கியது.

எலக்ட்ரீஷியன் கதிரவன் சிரித்தான். "யாரோ பின்னால வந்து முட்டிட்டாகளாக்கும்?"

"ஆமா தம்பி. போன வாரமே பிரேக் லைட்டுக்கும் ஒயர் இழுக்கச் சொன்னேன். இண்டிகேட்டர் போதும், பின்னால வர்றவனுக்குக் கண்ணு இல்லையான்னு சொல்லி நீங்கதான் அனுப்பி வச்சீக."

"இப்பவும் அதைத்தான் சொல்றேன். எந்தக் குருட்டுக் கழுதைண்ணே ஓட்டிட்டு வந்துச்சு?"

செம்மலை தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"உங்க வீட்டுக்காரம்மாதான். புது ஸ்கூட்டர்ல வந்தாக. முழங்கையில லேசான சிராய்ப்பு."

கதிரவன் பிரேக் லைட்டுக்கான ஒயரைத் தேடி எடுத்தான்.

"அவுகளும் இதையேதான் கேட்டாக தம்பி, எந்தக் குருட்டுக் கழுதை இதுக்கு ஒயரிங் பண்ணுச்சுன்னு. பேரைச் சொல்லாம வந்திருக்கேன்."